ஹெலிகாப்டரில் ஓர் இடம்

என் கணவர் நாற்பத்தேழாவது வயதில் பனிச்சறுக்குப் பழக ஆரம்பித்தார். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். அதுவரை அவருக்கும் பனிக்கும் இருந்த உறவு, எங்கள் ஃப்ரீசரில் மீன் பொட்டலத்தின் மேல் படிந்திருப்பதோடு சரி. அதையும் சுரண்டி எடுப்பது நான்தான். இப்படிப்பட்ட மனிதர் ஹெலிகாப்டரில் ஏறி, ரோடே போகாத மலையுச்சியில் இறங்கி, காலில் இரண்டு பலகைகளைக் கட்டிக்கொண்டு கீழே சறுக்கி வரப்போவதாக ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சோற்றில் கை வைத்துக்கொண்டே சொன்னார். நான் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். வெயிலில் அலைந்து வந்திருக்கிறார், சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

சரியாகவில்லை. ஷார்ஜாவில் அவர் வேலை பார்த்தது பெரிய கட்டடங்களுக்கு ஏசி குழாய் போடும் கம்பெனி. டெண்டருக்கு விலை போட்டுக் கொடுப்பது அவர் வேலை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த நாற்காலிதான். மேனேஜர் லெபனான்காரர். சின்ன வயதிலேயே பனியில் சறுக்கி வளர்ந்தவர், ஆள் நல்ல உயரம், திட்டுவதாக இருந்தாலும் 'ஹபீபி', என் அன்பே, என்றுதான் தொடங்குவார். குளிர்காலம் வந்தால் ஆபீஸில் தனக்கு வேண்டிய சிலரைக் கூட்டிக்கொண்டு ஜார்ஜியா நாட்டு மலைகளுக்குப் போவார். அங்கே ஹெலிகாப்டர் கொண்டுபோய் உச்சியில் விட்டுவிடும். யாரும் மிதிக்காத பனியில் சறுக்கிக் கீழே வரலாம். திரும்பி வந்ததும் ஆபீஸ் சுவரில் புகைப்படம் மாட்டுவார்கள். அதில் யார் முகமும் தெரியாது. ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, அதற்குக் கீழே பல். அப்படிப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவர்களெல்லாம் பிறகு தனி அறை, தனி கார் என்று உயர்ந்தார்கள் என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

அந்த வருடம் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. முதலில் சொன்னது ஆபீஸில் டீ கொடுப்பவர். இந்த ஊரில் கம்பெனி முதலாளிக்கே தெரியாத சேதி டீ கொடுப்பவருக்குத் தெரியும். அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மேனேஜர் மூன்று பேரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஒருவர் என் கணவர். இன்னொருவர் சைட்டில் அளவெடுக்கும் மலையாளி. மூன்றாமவர் சாமான் வாங்கிப் போடும் ஹைதராபாத்காரர். மூவருமே கம்பெனியின் மூத்த தலைகள். இந்த வருடம் நீங்கள் மூவரும்தான் என்னோடு மலைக்கு வருகிறீர்கள், யல்லா, பயிற்சியை ஆரம்பியுங்கள் என்றாராம்.

மூன்று பேரும் வெளியே வந்து பார்க்கிங்கில் நின்று இதை ஆராய்ந்திருக்கிறார்கள். டெண்டர் காகிதத்தில் ஒரு கமாவைக்கூட விடாமல் படித்துப் பழகியவர்கள். மலைக்குப் போன எவனுக்கும் இதுவரை வேலை போனதில்லை. ஆகவே கூப்பிடப்பட்டவன் காப்பாற்றப்பட்டவன். ஆகவே ஹெலிகாப்டரில் ஓர் இடம் என்பது கம்பெனியில் ஓர் இடம். இப்படி முடிவு கட்டி, மூன்று பேரும் கை குலுக்கிக்கொண்டு கலைந்திருக்கிறார்கள்.

நான் சிரிக்கத்தான் நினைத்தேன். ஆனால் எங்கள் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. ஷார்ஜாவில் பிறந்து ஷார்ஜாவில் வளர்ந்தவள். பிப்ரவரியில் தொடங்கி மார்ச் கடைசிவரை பொதுத்தேர்வு. இவருக்கு வேலை போனால் விசா போகும், அவர் விசாவில் இருக்கும் எங்கள் இரண்டு பேர் விசாவும் போகும். நாங்கள் குடியிருக்கும் முவைலாவில் ஒரு பல் மருத்துவமனையில் வந்தவர்களை உட்கார வைக்கும் என் வேலையெல்லாம் குடும்பத்தைத் தாங்குகிற கணக்கில் வராது. அப்புறம் எவ்வளவு நாள் தங்க விடுவார்கள், பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வார்கள் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பரீட்சை நடக்கிற நேரத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் மலையிலிருந்து சறுக்கினால்தான் அவள் பரீட்சை எழுதுவாள் என்றால், சறுக்கித் தொலையட்டும் என்ற முடிவுக்கு நானும் வந்தேன். மகளிடம் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாவுக்கு ஆபீஸ் டூர் என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

பயிற்சி துபாயில், ஒரு மாலுக்குள். வெளியே கார் கதவைத் தொட்டால் கை கொப்பளிக்கும். உள்ளே கண்ணாடிக்கு அப்பால் பனி மலை. வாடகைக்கு ஜாக்கெட், வாடகைக்கு பூட்ஸ். சொல்லிக்கொடுக்க ஒரு நேபாளத்துப் பையன். கூடப் படித்தவர்கள் எல்லோரும் பால் பல் விழாத பிள்ளைகள். அவர்கள் விழுந்தால் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் விழுந்தால் தூக்க மூன்று பேர் வந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே காபிக் கடையில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்து மேசையில் இருந்த ஓர் அரபுப் பெண், உங்கள் பிள்ளை எது என்று கேட்டாள். அந்தப் பெரிய பச்சை ஜாக்கெட் என்றேன்.

வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் இரண்டு பலகைகளின் முனைகளையும் முன்னால் சேர்த்து, பின்னால் அகட்டி வைக்க வேண்டுமாம். பீட்சாத் துண்டின் வடிவம் என்பதால், பிள்ளைகளுக்குப் புரிவதற்காக அதைப் 'பீட்சா' என்று சொல்லிக்கொடுப்பார்கள். அன்றிலிருந்து வீட்டில் பீட்சாதான். பல் தேய்க்கும்போது பீட்சா, லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது பீட்சா. ஒருநாள் காய்கறிக் கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தவர் காலை அகட்டி, முழங்காலை மடக்கி, முன்னால் சாய்ந்து நின்றார். கடைக்காரர் பயந்துபோய் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

கீழ் வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவிடம் மட்டும்தான் நான் உண்மையைச் சொன்னேன். நாங்கள் போகும்போது மகளை அவர் வீட்டில்தான் விட வேண்டும்.

"உங்கட மனுசனுக்கு என்ன விசரே?" என்றார். "அங்க மேல போய் விழுந்தா ஆர் தூக்கிறது?"

"வேலை போயிருமோன்னு பயம்க்கா."

"ஓம், அதுவும் சரிதான்" என்றார். எங்கள் கட்டடத்தில் அந்தக் காரணத்தைச் சொன்னால் எந்தப் பைத்தியக்காரத்தனமும் உடனே புரிந்துவிடும். "பிள்ளையை நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் யோசிக்காமப் போட்டு வாங்கோ."

குடும்பத்தையும் அழைத்து வரலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மலையாளியின் மனைவி நர்ஸ், லீவு கிடைக்கவில்லை. ஹைதராபாத்காரரின் குடும்பம் ஊரில். ஆகவே நான் ஒருத்திதான் போனேன். பனி பார்க்கும் ஆசையெல்லாம் எனக்கில்லை. கொண்டுபோன ஆளைக் கை கால் சேதமில்லாமல் திருப்பிக் கொண்டுவர ஒருவர் வேண்டுமே.

ஜனவரி கடைசியில் கிளம்பினோம். வளைகுடாவில் இருப்பவனுக்குத் தராசு என்றாலே ஆகாது. விசா கொடுத்த கஃபீலைக்கூடச் சமாளித்துவிடுவான், விமான நிலையத் தராசைப் பார்த்தால் முகம் வெளுத்துவிடும். அதனால் இங்கே வந்த முதல் வருடமே எல்லோரும் ஒரு வித்தையைக் கற்றுக்கொள்கிறார்கள். கனமான பையை வரிசையில் நிற்காத ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த ஆள் தூண் ஓரமாக, யாருக்கோ காத்திருப்பதுபோல் நிற்க வேண்டும். நிறுத்து முடித்துச் சீட்டு ஒட்டியதும் பையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் தாம்பத்தியத்தில் நாங்கள் பேசி வைத்துக்கொள்ளாமலே செய்கிற காரியம் இது ஒன்றுதான். அவர் பையைத் தோளிலிருந்து இறக்கும் விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். அன்றும் ஷார்ஜா விமான நிலையத்தில் நான் தூண் ஓரம் நின்றேன். கொஞ்ச நேரத்தில் மலையாளி வந்து "சேச்சி, இதும் ஒண்ணு" என்று ஒரு பையை வைத்தார். ஹைதராபாத்காரர் "பாபிஜி, ஜரா" என்று இன்னொன்றை வைத்தார். மொழி வேறு, சாமி வேறு, தராசு மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

மலை ஊரில் ஹோட்டல் நன்றாகத்தான் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் வெள்ளை, மூடினால் வெள்ளை. சாப்பாட்டுக்கு ரொட்டிக்குள் சீஸ், சீஸுக்குள் முட்டை. முதல் இரண்டு நாள் ஊருக்குப் பக்கத்திலிருந்த சரிவில் இவர்களை ஓட்டிப் பார்த்தார்கள். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் உள்ளூர்க்காரர், தாடி வைத்த பெரிய ஆள், அதிகம் பேசமாட்டார். மூன்று பேரும் சறுக்குவதைப் பார்த்துவிட்டு மேனேஜரைத் தனியே அழைத்துப்போய் நெடுநேரம் பேசினார். வேண்டாம் என்று சொல்கிறார் என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. மேனேஜர் அவர் தோளில் கை போட்டுச் சிரித்துச் சிரித்துப் பேசினார். கடைசியில் ஒரு சமரசம். இருப்பதிலேயே சாதுவான ஒரு சரிவில் இறக்குவார்கள். ஒரே ஒரு தடவைதான். இவர்கள் மெதுவாக, வழிகாட்டியின் பின்னால், பீட்சாவாகவே கீழே வர வேண்டும்.

அன்று காலை என் கணவர் ஹோட்டல் கெட்டிலில் வெந்நீர் போட்டு ஃப்ளாஸ்கில் ஊற்றினார். முவைலாவிலிருந்து கட்டி வந்திருந்த புளிசாதத்தைப் பையில் வைத்தார். ஊறுகாய் பாட்டில், முறுக்கு டின், இன்னொரு ஸ்வெட்டர், பவர்பேங்க் இரண்டு.

"மேல கடையா இருக்கு? பசிச்சா என்ன பண்றது?" என்றார்.

"ஏறினதும் இறங்கப் போறீங்க. அதுக்குள்ள என்னங்க பசி?"

"மேனேஜருக்கும் கொஞ்சம் குடுக்கலாம்ல."

வேலையைக் காப்பாற்றப் போகிறவர் கையில் முறுக்கு இருந்தால் தைரியம் என்றால் இருக்கட்டும்.

ஹெலிகாப்டர் நிற்கும் இடம் ஊருக்கு வெளியே, பனியை அழுத்திச் சமன் செய்த ஒரு மைதானம். சுற்றிலும் கயிறு கட்டிய வேலி. வேலிக்கு வெளியே நான். வாசலில், மளிகை மண்டியில் மூட்டை நிறுப்பார்களே, அதைப்போல ஓர் இரும்புத் தராசு. வழிகாட்டி ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். மேலே காற்று லேசானது, ஹெலிகாப்டரால் கீழே தூக்குகிற எடையை அங்கே தூக்க முடியாது. அதனால் ஒவ்வொருவரும் கொண்டுபோகிற எல்லாவற்றோடும் ஏறி நில்லுங்கள், எல்லாவற்றோடும் என்று இரண்டு முறை சொன்னார். என் கணவர் இரண்டு முறையும் தலையை ஆட்டினார்.

பிறகு தராசைப் பார்த்தார். நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதர் எதையும் யோசித்துச் செய்யவில்லை. தோளிலிருந்து பை இறங்கியது. வேலிக்கு இப்பால் என் கை நீண்டது. நானும் யோசிக்கவில்லை. பை என் காலடிக்கு வந்துவிட்டது, நான் மலையைப் பார்த்துக்கொண்டு யாருக்கோ காத்திருப்பவள்போல நின்றுகொண்டிருந்தேன். அடுத்து மலையாளியின் பை வந்தது. அதற்கடுத்து ஹைதராபாத்காரரின் பை, உள்ளே ஏதோ பாத்திரம் இடிக்கும் சத்தத்தோடு. மூவரும் இறகுபோல் ஏறி நின்று இறங்கினார்கள். வழிகாட்டி எண்களைக் குறித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியதும் மூன்று பைகளும் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன. யாரையும் ஏமாற்றியதாக எங்கள் நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தராசைத் தாண்டியாகிவிட்டது, அவ்வளவுதான்.

மேனேஜரை யாரும் தராசில் ஏறச் சொல்லவில்லை. எடை என்ன என்று மட்டும் மரியாதையாகக் கேட்டார்கள். அவர் சொன்னது அவர் கல்யாணத்தன்று இருந்த எடையாக இருக்கலாம். அதோடு அவர் தன் கையாலேயே நீளமான ஒரு உறையைக் கொண்டுபோய், ஹெலிகாப்டரின் பக்கவாட்டில் பலகைகள் அடுக்கும் கூடைக்குள் செருகினார். உள்ளே கம்பெனி பேனர். உச்சியில் விரித்துப் படம் எடுப்பதற்கு. காற்றில் சாயாமலிருக்க இரும்புக் கால்களும் இருந்தன. 'ஒரே அணி, ஒரே குடும்பம்' என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

எல்லோரும் ஏறினார்கள். விசிறி சுற்றியது. பனி கிளம்பி என் முகத்தில் அடித்தது. ஹெலிகாப்டர் ஆள் உயரத்துக்கு எழும்பியது, அங்கேயே கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டு நின்றது, பிறகு யோசித்துப் பார்த்து மனதை மாற்றிக்கொண்டதுபோல மறுபடி தரையில் உட்கார்ந்தது. விமானி கண்ணாடி வழியே வழிகாட்டியைப் பார்த்து விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

எல்லோரையும் இறக்கினார்கள். மறுபடி தராசு. இந்த முறை வழிகாட்டி பக்கத்திலேயே நின்றார், யார் தோளிலிருந்தும் எதையும் இறக்க விடவில்லை. எண்ணைப் பார்த்தவர் குறித்து வைத்திருந்ததைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பெரிய குற்றவாளிபோல் கையுறையைச் சரிசெய்துகொண்டேன். பைகளைத் திறந்தார்கள். எங்கள் புளிசாதமும் முறுக்கு டின்னும் வெளியே வந்தன. மலையாளியின் பையிலிருந்து அவித்த நேந்திரம்பழமும் சிப்ஸும் ஒரு குடையும் வந்தன. ஹைதராபாத்காரர் ஒரு ஹாட்பாக்ஸ் நிறைய பிரியாணி வைத்திருந்தார். ஹோட்டல் சமையல்காரரைக் கெஞ்சி, அடுப்பைக் கடன் வாங்கி, விடியுமுன் தானே செய்ததாம். அதுவும் மேனேஜருக்காகத்தான். பனியில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஷார்ஜாவில் ஒரு சாப்பாட்டுக் கடையே திறந்துவிடலாம்போல் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு, வார்டன் முன்னால் நிற்கும் ஹாஸ்டல் பையன்களைப் போல நின்றார்கள்.

அத்தனையையும் இறக்கியும் எடை கூடுதலாகவே இருந்தது. வழிகாட்டி மேனேஜரையும் தராசில் ஏறச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே ஏறினார், சிரிக்காமல் இறங்கினார். பிறகு வழிகாட்டி கூடையிலிருந்த உறையை உருவித் தூக்கிப் பார்த்தார். ஒன்று இந்த இரும்பும் இன்னும் கொஞ்சமும் இறங்க வேண்டும், இல்லை ஒரு ஆள் இறங்க வேண்டும், எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்றார்.

மேனேஜர் பேனரைப் பார்த்தார். ஹெட் ஆபீஸ் அந்தப் படத்துக்காகத்தான் காத்திருக்கிறது, அது இல்லாமல் எப்படி என்றார். ஆகவே ஒரே குடும்பம் மேலே போவதென்றும், குடும்பத்தில் ஒருவர் கீழே நிற்பதென்றும் முடிவாயிற்று.

யார் நிற்பது? மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எத்தனையோ வருடம் ஒரே பார்க்கிங்கில் நின்று ஒரே டீயைக் குடித்தவர்கள். மலையாளி தன் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து விட்டுக்கொண்டார், இனி என்னை யாராலும் கழற்ற முடியாது என்பதுபோல. ஹைதராபாத்காரர் எதையோ முணுமுணுத்தார், பிரார்த்தனையாக இருக்க வேண்டும். கடைசியில் வழிகாட்டி தன் குறிப்பைப் பார்த்தார். மூவரில் கனமானவர் என் கணவர். நான் ஊற்றிய ரசமும் நெய்யும்தான் அவரை இறக்கின என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

அவர் கீழே நிற்க மறுத்தார். அப்படி அவர் யாரிடமும் மறுத்து நான் பார்த்ததில்லை. மேனேஜர் சமாதானம் செய்து வேலிவரை கூட்டிவந்தபோது இவர் மேனேஜரின் கையைப் பிடித்துக்கொண்டார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலெல்லாம் கெஞ்சினார். சார், ஸ்வெட்டரைக் கழற்றிவிடுகிறேன் சார். நேற்று விழவே இல்லை சார், நீங்களே பார்த்தீர்கள். சார், மகள் பன்னிரண்டாம் வகுப்பு, பரீட்சை முடியும்வரைக்கும் மட்டும் வேலை இருந்தால் போதும் சார், அப்புறம் நீங்கள் என்ன சொன்னாலும் சரி. எனக்கு அவமானமாக இருந்தது. அவரை நினைத்து அல்ல, ஒரு மனிதரை இப்படிப் பேச வைத்ததை நினைத்து.

மேனேஜருக்கு முதலில் எதுவும் புரியவில்லை. வேலைக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல் பார்த்தார். பிறகு புரிந்தது. அது புரிந்த கணத்தை அவர் முகத்தில் நான் பார்த்தேன். விசிறிச் சத்தத்தில் அந்த இரண்டு பேருக்கும் கேட்காது, இருந்தாலும் அவர் எங்களை இன்னும் தள்ளி அழைத்துப்போனார்.

ஹபீபி, நீ எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்றார். இந்தப் பயணம் அதற்கல்ல. மூன்று பேரையும் வேலையிலிருந்து அனுப்புவதென்று ஹெட் ஆபீஸ் முன்பே முடிவு செய்துவிட்டது. நான் முடிந்தவரை சண்டை போட்டேன், நடக்கவில்லை. இத்தனை வருடம் உழைத்தவர்களை ஒரு மெயிலோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நல்ல விஷயம் இந்த மலைகள்தான். போவதற்கு முன் அதை உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். திரும்பிப் போனபிறகு சொல்லலாம் என்றிருந்தேன், உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாமே என்று.

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கெட்டவனாக இருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். விடைபெறும் பரிசாக ஒரு ஹெலிகாப்டரைக் கொண்டுவந்து நிறுத்துகிற நல்லவரை என்ன சொல்லித் திட்டுவது? அதே பணத்தில் எங்களை இன்னும் சில மாதம் வைத்திருக்கக் கூடாதா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. இவர் என் கையை இறுகப் பிடித்திருந்தார்.

இவர் கேட்டது ஒன்றுதான். "மார்ச் கடைசி வரைக்கும் விசா இருக்குமா சார்?"

அது ஹெச்.ஆருக்குத்தான் தெரியும், நான் பேசிப் பார்க்கிறேன் என்றார் மேனேஜர். என் கணவரின் தோளைத் தட்டினார், கட்டிக்கொண்டார், ஹெலிகாப்டரை நோக்கி ஓடினார்.

கதவை மூடினார்கள். இந்த முறை ஹெலிகாப்டர் தயங்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் மலையாளியும் ஹைதராபாத்காரரும் தெரிந்தார்கள். இரண்டு பேரும் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்கள். ஆனால் இவரைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. பாவம், இவனுக்கு வேலை போச்சே என்கிற இரக்கம். தாங்கள் தப்பித்துவிட்டதைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று கையைச் சீக்கிரமே இறக்கிக்கொண்டார்கள். நல்ல மனிதர்கள். இவர் அவர்களுக்கு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

"சொல்லிருக்கணும்ங்க" என்றேன். "அவங்களும் தெரிஞ்சிக்கட்டும்."

"விடு. மேல போயி நல்லா சறுக்கிட்டு வரட்டும்."

ஹெலிகாப்டர் ஒரு முகட்டைத் தாண்டி மறைந்தது. அவர் பூட்ஸின் பூட்டைக் கழற்றத் தெரியாமல் குனிந்து நின்றுகொண்டிருந்தார். நான் மண்டியிட்டுக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மகள். கீழ் வீட்டு அக்கா வீட்டிலிருந்து. ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, ஃப்ளை பண்ணிட்டியா?"

"பண்ணியாச்சு" என்றார். "இப்பதான் இறங்குனேன்."

"விழுந்தியா?"

"விழலம்மா."

பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்போ ஜாப் சேஃப்தானே அப்பா? எனக்குத் தெரியும். நீயும் அம்மாவும் கிச்சன்ல பேசினது எல்லாம் கேட்டுச்சு. நான் கேக்கல, நீங்க டென்ஷன் ஆவீங்கன்னு."

நான் பூட்ஸை அப்படியே பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஹெலிகாப்டர் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேஃப்தான்" என்றார். "நீ கெமிஸ்ட்ரியை முடி."

அவள் சரி என்றுகூடச் சொல்லவில்லை. இத்தனை மாதமும் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். சத்தமெல்லாம் அடங்கியிருந்த அந்தப் பனி மைதானத்தில் அது எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்டது.